கப்பல் சரக்கு வணிகச் சொற்கள்: சரக்கு நகரும் வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பல் சரக்குத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கையில் அகர வரிசையில் அச்சிட்ட சொற்பட்டியலைக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். முதல் சரக்கு கிளம்பும்போது அந்தப் பாடம் கைகொடுப்பதில்லை. இந்தத் தொழிலில் ஒரு சொல் ஒப்பந்தத்திலோ கட்டணச் சீட்டிலோ ஏறிய மறுகணம் யாரோ ஒருவர் தலையில் செலவு விழுகிறது, அல்லது எங்கோ ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது.

அதனால் சரக்கு நகரும் வரிசையிலேயே சொற்களைப் படிக்கச் சொல்கிறேன். எந்தச் சொல் எதிர்ப்பட்டாலும் இவற்றைக் கேளுங்கள்: இதன் செலவு யாருடையது? இந்த இடத்தில் சரக்கு சேதமானால் நட்டம் யாருக்கு? எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும்? விடை தெரியாத சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விற்பனை ஒப்பந்தம் அல்லது புரோஃபார்மா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஒவ்வொரு பெட்டியின் நீள அகல உயரம், சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் எச்.எஸ். குறியீடு. இவை இல்லாமல் கட்டணம் கேட்டால் வருவது தோராயமான எண்ணாகவே இருக்கும். பின்னால் அது மாறும்போது சண்டை வரும்.

பேக்கிங் லிஸ்ட்டில் மூன்று எடைகளைக் குழப்புகிறார்கள். சரக்கின் எடை மட்டும் என்றால் நிகர எடை. அட்டைப்பெட்டி, மரச்சட்டம் எல்லாம் சேர்ந்தால் மொத்த எடை. காலிக் கன்டெய்னரின் சொந்த எடைக்கு டேர் என்று பெயர். கப்பல் நிறுவனமும் சுங்கமும் பெரும்பாலும் மொத்த எடையைக் கேட்கும். விலையை நிகர எடைக்குப் பேசியிருப்பார்கள். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

எச்.எஸ். குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பு வகுத்தவை, அதை ஏற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. அதற்குப் பிந்தைய இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்கிறது. ஏற்றும் நாட்டின் முழுக் குறியீட்டை அப்படியே இறங்கும் நாட்டில் போட்டால் வரி தவறாகக் கணக்காகலாம்.

ஆபத்தான சரக்கு என்றால் ஐ.நா. எண்ணும் பொருள் பாதுகாப்புத் தரவுத் தாளும் முதல் நாளே வேண்டும். மரப்பெட்டி, மரத்தட்டு இருந்தால், மரத்தில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இறங்கும் துறைமுகத்தில் முத்திரை இல்லாத மரத்தால் சரக்கே திருப்பி அனுப்பப்படலாம்.

2. இன்கோடெர்ம்ஸ்: மூன்றெழுத்தும் அதன் பின்னால் ஓர் இடமும்

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவையும் நட்டப் பொறுப்பையும் பிரிக்க, பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936இல் முதலில் வெளியிட்ட விதிகள் இவை. இப்போதைய பதிப்பு இன்கோடெர்ம்ஸ் 2020, அதில் 11 விதிகள் உள்ளன. எந்த வகைப் போக்குவரத்துக்கும் ஏழு, கடலுக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டும் நான்கு. அந்த நான்கு: எஃப்.ஏ.எஸ். (கப்பலருகே ஒப்படைப்பு), எஃப்.ஓ.பி. (கப்பல்மேல் ஒப்படைப்பு), சி.எஃப்.ஆர். (கப்பல் கட்டணம் சேர்ந்தது), சி.ஐ.எஃப். (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது).

எக்ஸ் ஒர்க்ஸ் என்றால் விற்பவர் தன் கிடங்கில் சரக்கை எடுத்து வைத்தால் போதும். வண்டியில் ஏற்றுவதுகூட அவர் பொறுப்பு இல்லை. எஃப்.ஓ.பி. என்றால் ஏற்றும் துறைமுகத்தில் கப்பல்மேல் சரக்கு ஏறும் வரை விற்பவர் பொறுப்பு. டி.ஏ.பி. என்றால் சொன்ன இடத்தில், இறக்குவதற்குத் தயாராக, வண்டியிலேயே ஒப்படைக்க வேண்டும். டி.பி.யூ. என்றால் இறக்கியும் வைக்க வேண்டும். டி.டி.பி.யில் இறக்குமதி வரியும் விற்பவர் கணக்கு.

அதிகம் பேர் சறுக்கும் இடம் சி.எஃப்.ஆர். மற்றும் சி.ஐ.எஃப். விற்பவர் இறங்கும் துறைமுகம் வரை கப்பல் கட்டணம் கொடுக்கிறார், ஆகவே அதுவரை நட்டமும் அவருடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஏற்றும் துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறியதுமே நட்டப் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவு ஓர் இடத்திலும் பொறுப்பு வேறோர் இடத்திலும் கைமாறுகின்றன. நடுக்கடலில் சரக்கு போனால் இழப்பீடு கேட்க வேண்டியவர் வாங்குபவரே. எந்த வகைப் போக்குவரத்துக்கும் எழுதும் சி.பி.டி. (போக்குவரத்துக் கட்டணம் சேர்ந்தது), சி.ஐ.பி. (காப்பீடும் சேர்ந்தது) இரண்டிலும் இப்படித்தான். அங்கே முதல் போக்குவரத்தாளரிடம் சரக்கைக் கொடுத்த உடனேயே பொறுப்பு மாறும்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. எழுதும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. விற்பவர் கன்டெய்னரைத் துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். கப்பல் வந்து அது ஏறுவதற்குள் சில நாட்கள் கழியும். அந்த நாட்களில் பெட்டி அவர் கையில் இல்லை, ஆனால் எஃப்.ஓ.பி.யின்படி நட்டம் அவருடையதாகவே இருக்கிறது. போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பதோடு விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. விதியை எழுதி முனையத்தின் பெயரைக் குறிப்பிட்டால் இந்த இடைவெளி இல்லை. வங்கிக்குக் கப்பல் ஏறிய குறிப்புள்ள சரக்குச் சீட்டு (பில் ஆஃப் லேடிங்) வேண்டுமே என்று தயங்குபவர்களுக்காக, 2020 பதிப்பில் எஃப்.சி.ஏ.வுக்குள்ளேயே அதற்கு வழி செய்திருக்கிறார்கள்: கப்பல் ஏறிய குறிப்புடன் விற்பவருக்குச் சீட்டுத் தரும்படி போக்குவரத்தாளருக்கு வாங்குபவர் அறிவுறுத்த வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம்.

எந்த விதியாக இருந்தாலும் மூன்றெழுத்தோடு நிறுத்தாதீர்கள். விதி, இடம், பதிப்பு ஆண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். இடம் இல்லாத டி.ஏ.பி. பின்னால் தகராறுக்கே வழிவிடும்.

3. அளவு: கன்டெய்னரா, பங்குச் சரக்கா?

முழுக் கன்டெய்னரையும் ஒருவரே எடுத்தால் எஃப்.சி.எல். பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்தால் எல்.சி.எல். அப்படிச் சேர்க்கும், பிரிக்கும் கிடங்குக்கு சி.எஃப்.எஸ். என்று பெயர். நிரம்பிய கன்டெய்னர் காத்திருக்கும் இடம் சி.ஒய்.

20 அடிக் கன்டெய்னர் ஒன்றை டி.இ.யூ. என்று எண்ணுகிறார்கள். 40 அடி ஒன்று இரண்டு டி.இ.யூ. உள்ளே கிடைக்கும் கன அளவு 20 அடியில் ஏறத்தாழ 33 கன மீட்டர், 40 அடியில் 67, ஓர் அடி உயரம் கூடிய ஹை கியூபில் 76. இது வெற்றிடக் கணக்கு. பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விழும் என்பதால் 20 அடியில் 28 கன மீட்டருக்கு மேல் திட்டமிடுவது சூதாட்டம்.

கன அளவு இரட்டிப்பானால் எடையும் இரட்டிப்பாகும் என்று புதியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். 20 அடிக் கன்டெய்னரின் அதிகபட்ச மொத்த எடை பொதுவாக 30,480 கிலோ. 40 அடிக்கும் அதே எண் அல்லது அதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கல், இரும்பு, அரிசி போன்ற கனமான சரக்குக்கு 20 அடி. பஞ்சு, மரச்சாமான் போன்ற இலேசான சரக்குக்கு 40 அடி. இதோடு சாலையில் செல்லும் எடை வரம்பையும் இரண்டு நாட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் ஏற்றுக்கொண்ட எடையைச் சாலை ஏற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

எல்.சி.எல். கட்டணம் எடை, கன அளவு இரண்டில் எது பெரிதோ அதற்கு. கடலில் 1 டன்னும் 1 கன மீட்டரும் சமம். 3 கன மீட்டர் இடத்தை அடைக்கும் 1.2 டன் சரக்குக்கு 3 அலகுக்குக் கட்டணம் விழும். விமானத்தில் கணக்கு வேறு: சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுக்க வேண்டும். 120, 80, 100 அளவுள்ள பெட்டிக்கு 160 கிலோ வரும். உண்மை எடை 90 கிலோவாக இருந்தாலும் கட்டணம் 160க்கே. கூரியர் நிறுவனங்கள் பல 5000ஆல் வகுக்கின்றன, அப்போது அதே பெட்டி 192 கிலோ ஆகிவிடும். விலை கேட்கும்போதே எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

4. கட்டணச் சீட்டை வரிவரியாகப் படித்தல்

ஃபார்வார்டர், அதாவது சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் இடைநிலையாளர், தரும் கட்டணச் சீட்டில் கடல் கட்டணம் ஒரு வரி மட்டுமே. அதன் கீழே டி.எச்.சி. எனும் முனையக் கையாளுதல் கட்டணம் ஏற்றும் இடத்துக்கு ஒன்றும் இறங்கும் இடத்துக்கு ஒன்றுமாக இருக்கும். எரிபொருள் விலை ஏற்றத்துக்கு பி.ஏ.எஃப்., நாணய மாற்றத்துக்கு சி.ஏ.எஃப்., சரக்கு மிகும் பருவத்துக்கு பி.எஸ்.எஸ். ஜி.ஆர்.ஐ. என்பது கப்பல் நிறுவனம் அறிவிக்கும் பொதுக் கட்டண உயர்வு.

ஃபிரைட் பிரீபெய்ட் என்றால் கட்டணம் ஏற்றும் இடத்தில் கட்டப்படுகிறது, ஃபிரைட் கலெக்ட் என்றால் சரக்கைப் பெறுபவர் கட்டுகிறார். பிரீபெய்ட் என்று பார்த்ததும் இறங்கும் இடத்தில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று நம்பாதீர்கள். அங்குள்ள டி.எச்.சி., ஆவணக் கட்டணம், சரக்கை விடச் சொல்லும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம் பெரும்பாலும் தனி.

எல்.சி.எல். சரக்கில் இது பெரிய பொறி. கடல் கட்டணத்தை மிகக் குறைத்துக் காட்டிவிட்டு, அந்தக் குறைவை இறங்கும் இடத்துச் செலவுகளில் பெறுநரிடம் வசூலிப்பது நடக்கிறது. சீட்டு மலிவாக இருக்கும்போதுதான் இறங்கும் இடத்துச் செலவுகளின் முழுப் பட்டியலை எழுத்தில் கேட்க வேண்டும். சீட்டு எந்தத் தேதி வரை செல்லும், அந்தத் தேதி முன்பதிவு நாளைக் குறிக்கிறதா கப்பல் கிளம்பும் நாளைக் குறிக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

5. முன்பதிவும் கெடுக்களும்

இ.டி.டி. கப்பல் கிளம்பும் என எதிர்பார்க்கப்படும் நாள், இ.டி.ஏ. சேரும் என எதிர்பார்க்கப்படும் நாள். இரண்டுமே எதிர்பார்ப்பு. உறுதி என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு பயணமே ரத்தானால் பிளாங்க் செய்லிங். இடமில்லாமல் உங்கள் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டால் ரோல் ஓவர். நடுவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாற்றினால் டிரான்ஸ்ஷிப்மென்ட்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கிளம்பும் நாளுக்கு முன்னால் வரும் கட் ஆஃப்கள். ஆவண விவரங்களுக்கு ஒன்று, எடைச் சான்றுக்கு ஒன்று, கன்டெய்னர் உள்ளே நுழைவதற்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு மணி நேரத்தில் முடியும். பெட்டி சரியான நேரத்தில் உள்ளே போயிருந்தும் எடைச் சான்று தாமதமானால் அது கரையிலேயே நின்றுவிடும்.

6. பெட்டியை மூடும் நாள்: எண், சீல், வி.ஜி.எம்.

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் சரிபார்ப்பு இலக்கம் பொருந்தாமல் கணினி நிராகரிக்கும். கையால் எழுதி அனுப்பாமல் கதவைப் படம் எடுத்துப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். சீல் எண்ணையும் அப்படியே.

வி.ஜி.எம். என்பது சரிபார்க்கப்பட்ட மொத்த எடை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி 2016 ஜூலை 1 முதல் இது கட்டாயம். எடையைத் தவறாகச் சொன்னால் கப்பலின் அடுக்கு சாயும், மாலுமிகளின் உயிர் போகும். எனவே இதை ஒரு படிவமாக மட்டும் பார்க்காதீர்கள். நிரப்பிய பெட்டியை அப்படியே எடைபோடுவது ஒரு வழி. சரக்கு, பொதிகட்டும் பொருள், சரக்கு நகராமல் வைக்கும் முட்டுக்கட்டை எல்லாவற்றையும் எடைபோட்டு டேர் எடையைக் கூட்டுவது மற்றொரு வழி. டேர் எடை கதவிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது வழியில் டேர் எடையை விட்டுவிடுவதே அடிக்கடி நேரும் பிழை. எடையைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு, பில் ஆஃப் லேடிங்கில் ஷிப்பர், அதாவது சரக்கை அனுப்புபவர், என்று பெயர் உள்ளவருக்கு.

7. பில் ஆஃப் லேடிங்: பெயர்களும் வகைகளும்

இந்தச் சீட்டுக்கு மூன்று வேலைகள்: சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று, சரக்கின்மேல் உரிமை காட்டும் ஆவணம். மூன்றாவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) பத்தியில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் அது ஸ்ட்ரெய்ட் வகை, கைமாற்ற முடியாது. டு ஆர்டர் என்று இருந்தால் பின்பக்கம் கையெழுத்திட்டு மாற்றலாம். நோட்டிஃபை பார்ட்டி என்பவருக்குக் கப்பல் வருகிறது என்று தகவல் மட்டும் போகும், சரக்கின்மேல் எந்த உரிமையும் வராது. பணம் கைக்கு வருமுன் வாங்குபவரின் பெயரைக் கன்சைனி பத்தியில் போட்டுவிடுவது, விற்பவர் தன் பிடியைத் தானே தளர்த்துவதாகும்.

அசல் சீட்டுகள் வழக்கமாக மூன்று. ஒன்றைக் கொடுத்துச் சரக்கு எடுத்துவிட்டால் மற்றவை செல்லாது. அதனால் பணம் வராத நிலையில் ஒரே ஓர் அசலைக்கூட வாங்குபவருக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். டெலக்ஸ் ரிலீஸ் என்றால் அசல்களை ஏற்றும் இடத்திலேயே ஒப்படைத்துவிட்டு, அங்கே சரக்கை விடலாம் என்று தகவல் கொடுப்பது. சீ வேபில் உரிமை ஆவணம் அன்று. பெயர் உள்ளவர் அடையாளம் காட்டியே எடுத்துக்கொள்ளலாம். விமானச் சரக்குச் சீட்டும் அந்த வகையே.

மாஸ்டர் சீட்டு கப்பல் நிறுவனம் தருவது, ஹவுஸ் சீட்டு ஃபார்வார்டர் தருவது. ஹவுஸ் சீட்டை எடுத்துக்கொண்டு கப்பல் நிறுவனத்திடம் போனால் சரக்குக் கிடைக்காது. முதலில் அந்த ஊரிலுள்ள ஃபார்வார்டரின் முகவரிடம் போக வேண்டும். அந்த முகவரின் பெயரும் முகவரியும் சீட்டில் இருக்கிறதா என்று வரைவு வரும்போதே பாருங்கள்.

சரக்கில் குறை இருப்பதாகக் குறிப்பு இல்லாதது கிளீன், குறிப்பு உள்ளது கிளாஸ்டு. குறிப்பை நீக்குவதற்காக ஈட்டுறுதிக் கடிதம் கொடுக்கும் வழக்கமும், ஏறிய தேதியை உண்மை நாளுக்கு முந்தியதாகப் போடச் சொல்வதும் மோசடி வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவை. யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

8. வங்கி வழியே பணம்: எல்.சி.

ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதியே எல்.சி. என்கிற கடனுறுதிக் கடிதம். அதற்குப் பொதுவாக யூ.சி.பி. 600 விதிகள் பொருந்தும். இவை 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வங்கி காகிதத்தை மட்டும் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. சரக்கு அருமையாகச் சேர்ந்திருந்தாலும் காகிதம் முரண்பட்டால் பணம் நிற்கும்.

எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பல் ஏறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், ஆனால் எல்.சி. காலாவதிக்கு முன், ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பரிசீலிக்க வங்கிக்கு 5 வங்கி நாட்கள் உண்டு. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். மற்ற ஆவணங்கள் பொதுவான சொற்களில் இருக்கலாம், முரண்படக் கூடாது. காப்பீட்டுச் சான்றின் தேதி கப்பல் ஏறிய தேதிக்குப் பிந்தியிருந்தால் மறுத்துவிடுவார்கள்.

இதற்கு ஒரே மருந்து: எல்.சி. கைக்கு வந்த அன்றே, சரக்குக் கட்டத் தொடங்கும் முன்பே, உங்களால் நிறைவேற்ற முடியாத நிபந்தனையைத் திருத்தச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பியபின் கேட்கும் திருத்தத்துக்கு வாங்குபவரின் கருணை வேண்டும்.

9. இறங்கும் துறைமுகம்: டெமரேஜ், டிடென்ஷன்

அசல் சீட்டைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் டெலிவரி ஆர்டர் கிடைக்கும். அதோடு சுங்க அனுமதியும் சேர்ந்தால் பெட்டி வெளியே வரும்.

இலவச நாட்கள் முடிந்தும் நிரம்பிய பெட்டி முனையத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துச் சென்று காலிப் பெட்டியைத் திருப்பத் தாமதித்தால் டிடென்ஷன். ஏற்றுமதியில் வரிசை தலைகீழ்: காலிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் டிடென்ஷன், உள்ளே விட்டபின் கப்பல் ஏறத் தாமதமானால் டெமரேஜ். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகக் கணக்கிடுகின்றன. இவை தவிர முனையம் தனியாகக் கேட்கும் கிடங்கு வாடகையும் உண்டு.

விடுமுறை நாளும் பொதுவாக இதில் சேரும், நாள் ஏற ஏறக் கட்டணமும் கூடும். இலவச நாட்களைப் பேரம் பேச வேண்டிய நேரம் முன்பதிவுக்கு முன். சரக்கு வந்து மாட்டிக்கொண்டபின் பேசுவதற்குப் பலமே இருக்காது.

முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு டெமரேஜ் வேறு. அங்கே ஏற்றி இறக்க அனுமதித்த நேரம் லேடைம். கப்பல் தயார் என்று தலைமை மாலுமி கொடுக்கும் அறிவிப்பு என்.ஓ.ஆர். லேடைம் மீறினால் கப்பலுக்கே டெமரேஜ், சீக்கிரம் முடித்தால் திரும்பக் கிடைப்பது டிஸ்பாட்ச்.

10. சேதமும் இழப்பீடும்

சி.ஐ.எஃப். விதியில் விற்பவர் எடுக்க வேண்டியது, இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் எனும் காப்பீட்டு விதித்தொகுப்பில் மிகக் குறைந்த காப்பான ‘சி’ மட்டுமே. தீ, மோதல், தரைதட்டல், மூழ்குதல் போன்றவை அதில் அடங்கும். திருட்டும் பெட்டிக்குள் கடல்நீர் புகுவதும் அடங்கா. சி.ஐ.பி.யில் 2020 பதிப்பின்படி அதிலேயே விரிந்த காப்பான ‘ஏ’ வேண்டும். இரண்டிலும் தொகை ஒப்பந்த விலையில் குறைந்தது 110 சதவீதம். வாங்குபவர் கூடுதல் காப்பு கேட்டால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

ஜெனரல் ஆவரேஜ் என்ற சொல் பலருக்கு அதிர்ச்சியாக வருகிறது. கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காக்க வேண்டுமென்றே செய்த தியாகத்தையும் செலவையும், காப்பாற்றப்பட்ட எல்லாரும் மதிப்புக்கு ஏற்ப யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகளின்படி பகிர வேண்டும். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் தரைதட்டி 29 அன்று மிதந்தது. உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கீறல்கூட இல்லாத பெட்டியின் உரிமையாளரும் உறுதிப் பத்திரம் தந்தால்தான் சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் காப்பீட்டாளர் உத்தரவாதம் தருவார். இல்லையென்றால் ரொக்கம் கட்ட வேண்டும்.

கப்பல் நிறுவனத்திடம் கேட்கும் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. ஹேக்–விஸ்பி விதிகள் பொருந்தும் இடங்களில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பொதிகளின் எண்ணிக்கை சீட்டில் எழுதியபடியே கணக்காகும். 4 டன் எடையுள்ள 400 அட்டைப்பெட்டிகளை ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதினால் உச்ச வரம்பு 8,000 எஸ்.டி.ஆர். ‘400 அட்டைப்பெட்டிகள்’ என்று எழுதினால் 2,66,668. கிடைப்பது உண்மை நட்டத்தின் அளவுக்கே என்றாலும் அந்த ஒரு வரியால் வரம்பு எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள்.

இதே விதிகளின்படி, சேதம் வெளியே தெரிந்தால் பெறும்போதே எழுத்தில் குறிப்பிட வேண்டும். தெரியாத சேதத்துக்கு 3 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடிதப் போக்குவரத்திலேயே காலம் ஓடிவிடுகிறது என்பதால் வழக்குக் கெடுவை முதல் நாளே நாட்காட்டியில் குறியுங்கள்: சரக்கு ஒப்படைத்த அல்லது ஒப்படைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டு. நீட்டிப்பு வேண்டுமென்றால் அந்த ஆண்டு முடியுமுன் எதிர்த்தரப்பிடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.